மூன்று முறை அழைத்தேன்

எங்கள் ஊழியர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தாள் வந்திருக்கிறது. 'உழைப்பின் மேல் நான் வைத்த நம்பிக்கை என் பணியை எப்படி உயர்த்தியது' என்று தலைப்பையும் அவர்களே போட்டுவிட்டார்கள். தாளைக் கொண்டுவந்து கொடுத்த பெண், இப்போது தாலுக்கா ஆபீசில் உதவியாளராக இருப்பவர், வாசலிலேயே சொல்லிவிட்டார்: "ஐயா, சோகமா எழுதிடாதீங்க. போன மலர்ல ஒருத்தர் முழுக்க மூட்டுவலியைப் பத்தியே எழுதிட்டாரு."

சிரித்தேன். எழுத உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் பணிப் பதிவேட்டில் 'கடமையில் தவறாதவர்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரி எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அது உயர்வா தாழ்வா என்று மலர்க்குழு முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா பண்ணையாள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் கட்சிப் படிப்பகத்தில், நாலு பேர் படித்துக் கசங்கிய பத்திரிகையில். எனக்கு வாய்த்த சொத்து குரல் ஒன்றுதான். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் குருவி விரட்டிப் பழுத்த குரல். ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் நடந்த காலத்தில், மைக் செட்டு வந்து சேராத மேடைகளில் "அமைதி, அமைதி" என்று கத்துவதற்கு என்னைத்தான் ஏற்றுவார்கள். கட்சி ஆட்சிக்கு வந்தது. என் குரலைக் கேட்டிருந்த ஒருவர் சொல்லி, ஒரு தாலுக்கா ஆபீசில் தற்காலிகப் பியூன் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

குத்தகைப் பதிவு நடந்த வருடங்கள் அவை. அதுவரை வயலை உழுதவன் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. 'அவன் குத்தகைக்காரன் இல்லை, என் பண்ணையாள்' என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால், இருபது வருடம் உழுதவன் வரப்பில் ஏறி நிற்க வேண்டியதுதான். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனை யாரும் அசைக்க முடியாது. ஏறாவிட்டால் அவ்வளவுதான். அதனால் ஊருக்கு ஊர் தகராறு. நடவுக்கும் போலீஸ், அறுப்புக்கும் போலீஸ்.

விசாரணைக்கென்று தனியாக ஒரு துணைத் தாசில்தாரைப் போட்டார்கள். சாரங்கபாணி ஐயா. அவருக்கு என்னை டவாலியாகக் கொடுத்தார்கள். தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வேலை, மனுதாரர்களைப் பெயர் சொல்லி உள்ளே அழைப்பது. என் அப்பா அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அழுக்குப் பட்டுவிடுமாம்.

சாரங்கபாணி ஐயாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை என் வாயில் வராது. இளநீர் கொண்டுவந்தால்கூட, "மரத்துல இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். தண்ணீரும் வீட்டுக் கூஜாவில் வரும். ஒன்பதரைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில், தன் பக்கம் முகம் இருக்கும்படி வைப்பார். பேனா நிப்பை ஒரு வெள்ளைத் துணியில் துடைப்பார். மாலை அந்தத் துணியில் எத்தனை நீலக்கோடு இருக்கிறதோ அத்தனை வழக்கு முடிந்தது என்று அர்த்தம். எந்தக் காகிதமும் அவர் மேசையில் மறுநாள் தங்கியதில்லை. "நம்மளால ஒருத்தன் ரெண்டு தடவை பஸ் ஏறி வரக்கூடாதுய்யா" என்பார். மெய்யாகவே அப்படி நினைத்தார்.

அழைக்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வாசலில் இரண்டாவது படியில் நிற்க வேண்டும். தாளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதல் தடவை ரோட்டுப் பக்கம் பார்த்து, இரண்டாவது தடவை புங்கமரத்துப் பக்கம், மூன்றாவது தடவை குளத்துப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் நடுவே மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். தாளில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே கூப்பிட வேண்டும். குறைக்கக் கூடாது, கூட்டக் கூடாது, 'இன்னார் மகனே' என்று இழுக்கக் கூடாது. யாரும் வராவிட்டால், 'மூன்று முறை உரக்க அழைத்தும் எவரும் ஆஜராகவில்லை' என்ற சீட்டில் என் கையெழுத்து.

"குரல் உன்னோடது. பேரு சர்க்காரோடது. அதுல கை வைக்காதே" என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மனிதர்கள் பேச்சில் இப்படி ஏதாவது விழுந்தால் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே, "உங்க வாய்தான் சர்க்கார் உத்தியோகம் பாக்குது. காது சும்மாதானே இருக்குது?" என்றாள். அதையும் பொறுக்கி வைத்தேன், வேடிக்கை என்று நினைத்து.

சன்னாசியின் வழக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஐப்பசி, தூறல். அவர் ஊர் ஆட்களை எல்லாம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லித் தலையாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே புங்கமரத்தடியில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில், தூறலுக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி. முழங்கால் வரை வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

"உக்காருங்கண்ணே. நானும் உங்களை மாதிரிதான்" என்றேன்.

"இருக்கட்டுங்கய்யா. பட்டை போட்டிருக்கீங்க" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு அந்தத் தாள் என் கைக்கு வந்தது. இரண்டாவது படியில் நின்றேன். "துறவரசன்!" என்றேன் ரோட்டைப் பார்த்து. இருபது எண்ணினேன். "துறவரசன்!" என்றேன் புங்கமரத்தைப் பார்த்து. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். யாரோ வரப்போகிறார்கள் என்று அவரும் திரும்பி ரோட்டைப் பார்த்தார். மூன்றாவது முறை குளத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். படியோரம் மிராசுதாரின் காரியஸ்தர் நின்றிருந்தார். வயல் யாருடையது, மனு யாருடையது என்று அவருக்குத் தெரியும். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தார். நான் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஐயா எழுதினார்: ஆஜராகவில்லை, தள்ளுபடி. நிப்பைத் துடைத்தார்.

மூன்று மணிக்குக் கூட்டம் கரைந்தது. அந்த மனிதர் படிக்குக் கீழே வந்து நின்றார்.

"ஐயா, என் பேரு எப்பங்க வரும்?"

"உங்க பேரு என்ன?"

"சன்னாசிங்க."

தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். விரல் வைத்து இன்னொரு தரம் பார்த்தேன். ஒழுங்காகத்தான் பார்த்தேன். "உங்க பேரு இன்னிக்கு இல்லண்ணே. வேற தேதி போட்டிருப்பாங்க. மழைக்கு முன்னாடி வீடு போய்ச் சேருங்க."

"மகராசனா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மிதித்து வந்தவர் இளவழகன். பிறந்தபோது வைத்த பெயர் சுந்தரம். தமிழ்ப் பற்றில் மாற்றிக்கொண்டவர். சன்னாசியின் ஊர்ப் படிப்பகத்தை நடத்தினார். சைக்கிள் கடையும் வைத்திருந்தார். ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். கேரியரில் சன்னாசி உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க அநியாயம் இது? எங்க ஆளு வயல்ல மிராசுதாரு ஆளுங்க இறங்கி நிக்கறாங்க. கேஸ் தள்ளுபடியாயிடுச்சுங்கறாங்க. துறவரசன் கேஸ் என்னாச்சு?"

"துறவரசனா? அவருதான் வரவே இல்லையே."

"வரலையா? இதோ உக்காந்திருக்காரே!"

நான் சன்னாசியைப் பார்த்தேன். சன்னாசி இளவழகனைப் பார்த்தார்.

"நான் சன்னாசிதானே தம்பி?" என்றார்.

இளவழகனுக்கு முகம் வெளுத்தது. நடந்தது இதுதான். மனு எழுதும்போது அவருக்கு மனம் பொறுக்கவில்லை. மிராசுதார் வீட்டில் 'டேய் சன்னாசி' என்று கூப்பிட்ட பெயரைச் சர்க்கார் காகிதத்திலும் எழுத வேண்டுமா? சன்னாசி என்றால் துறவி. துறவரசன் என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். சன்னாசி கைநாட்டு வைத்துவிட்டு, படித்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். அடுத்த நிமிடம் மறந்துவிட்டார். விசாரணையன்று இளவழகன் கட்சி மாநாட்டுக்குத் திருச்சி போயிருந்தார். தள்ளுபடி உத்தரவும் துறவரசன் பெயருக்கே போனது. தபால்காரர் 'இப்படி ஒருவர் இவ்வூரில் இல்லை' என்று அழகாக எழுதித் திருப்பியிருந்தார். அந்த உறையை நானே தபாலில் வாங்கிக் கோப்புக் கட்டில் போட்டிருந்தேன்.

ஒருவரும் வேலையில் குறை வைக்கவில்லை. இன்றைக்கும் எனக்குப் புரியாதது அதுதான்.

ஐயாவிடம் ஓடினேன். முழுவதும் கேட்டார். கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார்.

"நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேங்க."

"மூணு தடவையா?"

"மூணு தடவைங்க."

"அப்ப உன் மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல. நான் போட்ட கையெழுத்தை நானே அழிக்க முடியாது. மேல்முறையீடு போடச் சொல்லு. கெடு தாண்டினதுக்குக் காரணத்தை நானே எழுதித் தரேன்." எழுதியும் கொடுத்தார். பிறகு சொன்னார்: "உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்றது வேலை இல்ல, வம்பு."

மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இளவழகனும் சன்னாசியும் என்னைப் பிடித்தார்கள். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சன்னாசியின் அப்பா காலத்திலிருந்து உழுதது. சம்பா கதிர் தள்ளி நிற்கிறது. நட்டவர் சன்னாசி, அறுக்கப்போவது யார் என்பது நாளைக்குத்தான் தெரியும்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தைண்ணே" என்றார் இளவழகன். "ரெண்டு தடவைதான் கூப்பிட்டேன்னு சொல்லிடுங்க. முறைப்படி அழைக்கலைன்னு ஆயிடும். கேஸ் திரும்ப உயிர் பிடிச்சுக்கும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒரு ஆளைக்கூட ரெண்டு தடவையோட விட்டதில்ல தம்பி. நான் எப்படி அப்படிச் சொல்வேன்?"

"பேரைக் கெடுத்தவன் நான்தாண்ணே. அதுக்கு அவரு நிலத்தைக் குடுக்கணுமா?"

"நீ தமிழை வளர்க்கறதுக்கு நான் பொய் சொல்லணுமா?"

சன்னாசி டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். மெதுவாகக் கேட்டார்: "அப்படிச் சொன்னா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுங்களா?"

நான், "போயிடும்" என்றேன்.

அது பொய். மிஞ்சிப்போனால் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்திருக்கும். என் வேலைமேல் ஒரு கீறல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட அதே பெஞ்சில், அதே டீயோடு, ஒரு பொய்யைச் சொன்னேன்.

"அப்ப வேணாங்க தம்பி, அவரை விட்டுடுங்க" என்றார் சன்னாசி. "அவரும் புள்ளகுட்டிக்காரரு."

மறுநாள் மேல்முறையீட்டு அதிகாரி முன் முதலில் சன்னாசியைக் கேட்டார்கள். அதிகாரி நல்ல முறையில்தான் கேட்டார்.

"அன்னைக்கு ஏன்யா வரல?"

"வந்திருந்தேங்க. காலையிலேருந்து மரத்தடியிலதான் இருந்தேன். என் பேரு எப்ப வரும்னுகூடக் கேட்டேங்க. இன்னிக்கு இல்ல, வீட்டுக்குப் போன்னாங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்படியா? ஆபீஸ் ஆள் யாராவது சொன்னாங்களா? யாருன்னு சொல்லு."

அந்த ஒரு பதிலில் இருந்தது ஆறு மாவும். வந்திருந்தவரை 'பேரு இல்லை' என்று ஆபீஸ் ஆளே திருப்பி அனுப்பினான் என்று பதிவாகிவிட்டால், தள்ளுபடி நிற்காது. நான் சுவரோரம் பட்டையோடு நின்றிருந்தேன். சன்னாசி திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் எதுவும் இல்லை. கணக்குப் போடுகிற மாதிரிகூட இல்லை. பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"ஞாபகம் இல்லீங்க. கும்பலா இருந்துச்சு. யாரோ சொன்னாங்க."

இளவழகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து நான். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார்.

"மூணு தடவை கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேங்க."

"தாள்ல இருந்த பேரையேவா?"

"ஆமாங்க."

"இந்த ஆள் உக்காந்திருந்த மரம் எவ்வளவு தூரம்?"

"இருபது, இருபத்தஞ்சு அடி இருக்குங்க."

"நீங்க கூப்பிட்டா அங்க கேக்குமா?"

என் வாயிலிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன். "குளத்துக்கு அக்கரையிலயே கேக்கும்ங்க" என்றேன். விசாரணை அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. வக்கீல் வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

'அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பட்டையைச் சரி செய்துகொண்டு இறங்கினேன்.

உத்தரவு சுருக்கமாக இருந்தது. துறவரசன்தான் சன்னாசி என்றால், அழைப்பு காதில் விழுந்தும் அவர் வரவில்லை. துறவரசன் வேறு, சன்னாசி வேறு என்றால், சன்னாசி மனுவே போடவில்லை. இரண்டில் எப்படிப் பார்த்தாலும் தள்ளுபடி. கடைசியில் ஒரு வரி: அழைப்பு ஊழியர் தம் கடமையை ஐயத்துக்கு இடமின்றிச் செய்திருக்கிறார். அந்த வரியைப் பார்த்துத்தான் என் பதிவேட்டில் 'கடமையில் தவறாதவர்' என்று ஏறியது. அடுத்த சித்திரையில் வேலையும் நிரந்தரமாயிற்று.

வெளியே வந்ததும் சன்னாசி என்னிடம் வந்தார். "வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்று கேட்டார். நான் ஆகாது என்று தலையாட்டினேன். இளவழகன் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் யாருக்கும் மனு எழுதவில்லை என்று கேள்வி.

அதற்கப்புறம் நான் மாறினேன். தாளில் இருப்பதைக் கூப்பிடுவதற்கு முன்னால் மரத்தடிக்குப் போய், ஒவ்வொருவரிடமும் "உங்களை ஊர்ல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டு வருவேன். நேரம் பிடித்தது. அடுத்து வந்த அதிகாரி, வேலை மந்தம் என்று எழுதினார். விளக்கம் கேட்டு இரண்டு தாள் வந்தது. என் பணியில் வேலை என்று நான் ஏதாவது செய்திருந்தால் அந்த மந்தமான வருடங்களில்தான் செய்தேன் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவும் மனசில்லை. அதற்குள் பதிவு வழக்குகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. வந்தவர்களெல்லாம் சான்றிதழுக்கு வந்தவர்கள். நான் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் போயிருக்காது.

உத்தரவு வந்த கையோடு, அந்தத் தை மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பயிர் பார்க்க வந்த அதிகாரியோடு, கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஒரு வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் குடையோடு காரியஸ்தர். வரிசையில் எல்லாருக்கும் முன்னால் அறுத்துப் போய்க்கொண்டிருந்தவர் சன்னாசி. சேற்றில் கால் வைத்து அவர் நட்ட பயிர்தான்.

காரியஸ்தர் எங்கள் அதிகாரியிடம், "இவன் ஒருத்தன் போதும் சார். வேலைன்னா வேலை. கோவதாபம் எதையும் அருவாள்ல காட்ட மாட்டான்" என்றார்.

அதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் வரப்பிலேயே குந்தினேன். "அண்ணே, இந்த வயலுக்கா கூலிக்கு வந்தீங்க?"

சன்னாசி நிமிரவில்லை. "வேற ஆளை விட்டா பாழ் பண்ணிடுவாங்கய்யா. இதுல எங்க பள்ளம், எங்க சாஞ்சு கிடக்கும்னு எனக்குத்தானே தெரியும்." ஒரு பிடி அறுத்து அரியைப் பக்கத்தில் வைத்தார். "வெயில் ஏறுது, நீங்க எழுந்திரிங்க. பட்டையில சேறு படும்."

எழுந்தேன். எதற்கோ வந்தவன்போலக் கொஞ்சம் நின்றேன். அவர் அறுத்துக்கொண்டே தள்ளிப் போய்விட்டார். அவர் போன வழி நெடுக அறுத்த நெல்தாள் தரையோடு தரையாக, ஒரே மட்டமாக இருந்தது. தப்பிக் கிடந்த கதிர் ஒன்றுகூட இல்லை.